மனிதர் கைபட்ட நிலங்களில் இயற்கை எப்படி வாழ்கிறது?

மனிதரின் வாழ்வும் உழைப்பும் பட்டு உருவான பண்பாட்டு நிலவெளிகளில் மனிதரும் இயற்கையும் ஒருவரையொருவர் தாங்கி நிற்கிறார்கள் என்று சொல்லப்படுகிறதே, இது சோதித்து அறியப்பட்ட உண்மையா, அல்லது பழைய வாழ்க்கையின் மீதுள்ள ஏக்கத்தில் பிறந்த பேச்சா? மனிதர் விலகிக்கொண்டால் இயற்கை தன்னைத்தானே மீட்டுக்கொள்ளும் என்பதுதானே சரி? இதுதான் கேள்வி.

விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். பல இடங்களில் அது சோதித்து அறியப்பட்ட உண்மை. எல்லா இடங்களிலும் அல்ல. உண்மையாக இருக்கும் இடங்களிலும், மக்களுக்கு இயற்கையின் மீது உள்ள அன்போ பக்தியோ மட்டும் அதற்குக் காரணம் அன்று. ஆண்டுதோறும், உரிய பருவத்தில், ஓர் அளவுக்குள் செய்யப்படும் உழைப்பே காரணம். அந்த உழைப்பு நின்றுபோனாலும் நிலம் கெடுகிறது, அளவு மீறினாலும் கெடுகிறது. இதை விளங்கிக்கொண்டால், மனிதர் இருக்க வேண்டுமா விலக வேண்டுமா என்ற கேள்விக்கு ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாக விடை தேட முடியும்.

பண்பாட்டு நிலவெளி என்ற சொல்லின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். 1972இல் உருவான யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உடன்படிக்கை, காக்கப்பட வேண்டிய இடங்களைப் பண்பாட்டுச் சிறப்புடையவை என்றும் இயற்கைச் சிறப்புடையவை என்றும் பிரித்துப் பார்த்தது. மலைச்சரிவில் வெட்டப்பட்ட படிவயல்கள், மேய்ப்பர்கள் நூற்றாண்டுகளாக நடந்த புல்வெளிகள் போன்றவை இந்தப் பிரிவினைக்குள் சரியாக அடங்கவில்லை. ஆகவே 1992இல் பண்பாட்டு நிலவெளி என்ற வகை ஏற்றுக்கொள்ளப்பட்டது. திட்டமிட்டு அமைத்த தோட்டங்களும் பூங்காக்களும் அதில் ஒரு பிரிவு. நம்பிக்கையாலும் நினைவாலும் மதிப்புப் பெற்ற மலை, ஆறு, பாறை போன்றவை மற்றொரு பிரிவு. மக்களின் பிழைப்போடு சேர்ந்து படிப்படியாக உருவான நிலங்கள் இன்னொரு பிரிவு. நம் கேள்வி முக்கியமாக இந்தக் கடைசிப் பிரிவைப் பற்றியது. தமிழில் ஐந்திணைகளுக்கும் கருப்பொருள் வகுத்த இலக்கண மரபு, மரத்தையும் பறவையையும் விலங்கையும் சொன்ன அதே வரிசையில் அந்நிலத்து மக்களின் தொழிலையும் வைத்தது என்பதை நினைத்துப் பார்த்தால், உலக அமைப்பு இருபது ஆண்டுகளுக்குப் பிறகு வந்து சேர்ந்த இந்தப் பார்வை நமக்கு முற்றிலும் புதியதாகத் தோன்றாது.

இனி, உழைப்பு எப்படி உயிர்வளமாக மாறுகிறது என்பதற்கு வருவோம். இதைத் தெளிவாகக் காட்டுபவை, தீவனத்துக்காகப் புல்லை அறுத்து உலர்த்தும் ஐரோப்பாவின் புல்வெளிகள். ஓரிடத்தில் எத்தனை வகைத் தாவரங்கள் வளர்கின்றன என்று எண்ணிப் பார்த்தால், பெரிய பரப்புகளில் வெப்பமண்டல மழைக்காடுகளே முதலிடத்தில் இருக்கின்றன. ஆனால் சில சதுர மீட்டர் அளவுள்ள சிறு பரப்புகளை எடுத்துக்கொண்டால், உலகிலேயே உயர்ந்த எண்ணிக்கைகள் பெரும்பாலும் மனிதர் அறுத்தும் மேய்த்தும் வந்த பழைய புல்வெளிகளில்தான் பதிவாகியுள்ளன. ருமேனியாவில் அப்படிப்பட்ட ஒரு புல்வெளியில் 10 சதுர மீட்டருக்குள் 98 வகைத் தாவரங்கள் எண்ணப்பட்டன.

இது எப்படி நிகழ்கிறது? ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ புல்லை அறுத்துக் குளிர்காலத் தீவனமாக எடுத்துச் செல்லும்போது மண்ணிலிருந்து தழைச்சத்தும் மணிச்சத்தும் அதோடு வெளியேறுகின்றன. மண் சத்துக் குறைந்ததாகவே நிலைக்கிறது. வளமான மண்ணில் உயரமாக வளரும் இரண்டு மூன்று புல்லினங்கள் வெளிச்சம் முழுவதையும் பறித்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிடும். சத்துக் குறைந்த மண்ணில் எந்த இனத்துக்கும் அந்த வலிமை கிடைப்பதில்லை. அறுவடையைக் கோடையின் நடுப்பகுதி வரை தள்ளிவைப்பதால் பெரும்பாலான செடிகள் பூத்து விதை உதிர்த்துவிடுகின்றன. உலர்த்தும்போது புல்லைப் புரட்டிப் போடுவதால் விதைகள் பரவுகின்றன. அறுத்த பிறகு மாடுகள் மேயும்போது அவற்றின் குளம்பு பட்டு ஆங்காங்கே வெறும் மண் வெளிப்படுகிறது; புதிய முளைகளுக்கு அந்த இடம் கிடைக்கிறது. உழவர் விரும்பியது மாட்டுக்குத் தீவனம். அவர் கேட்காமலே கிடைத்தது நூற்றுக்கணக்கான பூச்சிகளுக்கும் பறவைகளுக்கும் இரையளிக்கும் பூக்காடு. அதே வெளியில் உரத்தைக் கொட்டி ஆண்டுக்கு நான்கைந்து முறை அறுத்தால் சில ஆண்டுகளில் பூக்கள் மறைந்து புல் மட்டும் மிஞ்சும். அறுப்பதையே விட்டுவிட்டால் முதலில் உயரப் புல்லும், பிறகு புதரும், கடைசியில் மரங்களும் மூடிக்கொள்ளும். இரண்டு வழியிலும் முடிவில் இழப்பு ஒன்றே.

இந்த உறவு எவ்வளவு நுணுக்கமானது என்பதை இங்கிலாந்தின் பெருநீல வண்ணத்துப்பூச்சி காட்டுகிறது. அதன் புழு தன் வளர்ச்சியின் பெரும்பகுதியை ஒரு குறிப்பிட்ட சிவப்பு எறும்பினத்தின் புற்றுக்குள் கழிக்கிறது. எறும்புகள் அதைத் தங்கள் குஞ்சென்று நம்பி உள்ளே தூக்கிச் செல்ல, அது அவற்றின் இளம்புழுக்களைத் தின்று வளர்கிறது. அந்த எறும்புக்குச் சூடான மண் வேண்டும். மண் சூடாக இருக்கப் புல் மிகக் குட்டையாக இருக்க வேண்டும். புல்லைக் குட்டையாக வைத்திருந்தவை ஆடுகளும் மாடுகளும் முயல்களும். சரிவு நிலங்களில் மேய்ச்சல் லாபமற்றதென்று கைவிடப்பட்டது, 1953இல் பிரிட்டனுக்குள் நுழைந்த மிக்சோமடோசிஸ் நோயில் முயல்கள் பெருமளவில் மடிந்தன, புல் சில சென்டிமீட்டர் உயர்ந்தது, மண் குளிர்ந்தது, எறும்பு மறைந்தது. வண்ணத்துப்பூச்சியைப் பிடித்துச் சேகரிப்பவர்களே அதன் அழிவுக்குக் காரணம் என்று வெகுகாலம் நம்பியதால், அவர்களைத் தடுக்க வேலி போட்ட இடமும் உண்டு. அந்த வேலி மேய்ச்சலையும் தடுத்தது. ஜெர்மி தாமஸ் என்ற ஆய்வாளர் 1970களில் உண்மைக் காரணத்தைக் கண்டறிந்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது. 1979இல் அவ்வினம் பிரிட்டனில் அற்றுப்போனது. 1980களில் ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து, மேய்ச்சலைத் திட்டமிட்டு மீட்டெடுத்த வெளிகளில் விட்ட பிறகே அது மீண்டும் நிலைபெற்றது. அக்கறை இருந்தும், பணியாளர்கள் இருந்தும், வேலி இருந்தும் ஓர் இனம் அழிந்தது என்பதை இத்துறையில் ஆர்வமுள்ள ஒவ்வொருவரும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆஸ்திரேலியாவின் மேற்குப் பாலையில் வாழும் மார்ட்டு மக்கள் நெருப்பைக் கொண்டு இதே வேலையைச் செய்கிறார்கள். மணல் உடும்பின் வளைகளைக் கண்டுபிடிப்பதற்காக அவர்கள், குறிப்பாகப் பெண்கள், குளிர்காலத்தில் ஸ்பினிஃபெக்ஸ் புல்லைச் சிறுசிறு திட்டுகளாக எரிக்கிறார்கள். இதனால் நேற்று எரிந்தது, இரண்டு ஆண்டுக்கு முன் எரிந்தது, பத்து ஆண்டாக எரியாதது என வெவ்வேறு வயதுடைய திட்டுகள் அருகருகே அமைகின்றன. பழங்கள் தரும் செடிகள் ஒன்றில், பதுங்குவதற்கு அடர்ந்த புல் மற்றொன்றில் என்று விலங்குகளுக்கு எல்லாம் எட்டும் தொலைவில் கிடைக்கின்றன. மின்னலால் பற்றும் தீ வெகுதூரம் பரவவும் முடிவதில்லை. 1960களில் இம்மக்களில் பலர் பாலையை விட்டு வெளியேற்றப்பட்ட பின் மின்னல் தீ பெரும்பரப்புகளை ஒரேயடியாக விழுங்கியது. சிறு பாலூட்டிகள் பல அந்தப் பாலையிலிருந்து மறைந்ததற்கு வெளியிலிருந்து வந்த பூனை, நரியோடு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ரெபெக்கா பேர்டு, டக்ளஸ் பேர்டு ஆகிய மானிடவியலாளர்கள் நடத்திய ஆய்வில், வேட்டை நடக்கும் பகுதிகளில்தான் மணல் உடும்பு மிகுதியாக இருப்பது தெரியவந்தது. வேட்டையாடப்படும் விலங்கு, வேட்டையாடும் இடத்திலேயே பெருகுகிறது என்பது கேட்க முரணாகத் தோன்றலாம். வேட்டைக்காக மூட்டும் நெருப்புத்தான் அதன் வாழிடத்தை உருவாக்குகிறது என்று அறிந்தால் முரண் இல்லை.

உழைப்பு மட்டும் போதாது, ஒருவர் உழைப்பு மற்றவர் உழைப்போடு இசைய வேண்டும். அதற்குப் பாலித் தீவின் நெல்வயல்களைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது. அங்கே உழவர்கள் சுபாக் என்ற நீர்ப்பங்கீட்டுக் குழுக்களாகச் சேர்ந்திருக்கிறார்கள்; அத்தகைய குழுக்கள் சுமார் 1,200 உள்ளன. ஒரே நீரைப் பங்கிடும் குழுக்கள் ஒரு நீர்க்கோயிலில் கூடி, எந்தக் குழு எப்போது நடவு செய்யும், எப்போது வயலைத் தரிசாக விடும் என்று முடிவு செய்கின்றன. தலைமடையில் இருப்பவர் கடைமடைக்காரருக்காக ஏன் தண்ணீரை விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற கேள்வி எல்லாப் பாசன நாட்டிலும் உண்டு. பாலியில் அதற்கான விடை பூச்சிகளிடம் இருக்கிறது. ஒரு பெரும்பரப்பு முழுவதும் ஒரே காலத்தில் அறுவடை முடித்து, நீர் தேக்கித் தரிசாகக் கிடந்தால் புகையான் போன்ற பூச்சிகளுக்கும் எலிகளுக்கும் இரையும் இருப்பிடமும் இல்லாமல் அவை குறைந்துபோகும். கடைமடைக்காரர் தண்ணீர் கிடைக்காமல் தம் விருப்பப்படி வேறு காலத்தில் நட்டால், அவருடைய வயலில் பெருகும் பூச்சி தலைமடைக்கும் வந்துசேரும். ஆகவே தலைமடைக்காரர் பூச்சிக்கு அஞ்சி நீரை விடுகிறார். கடைமடைக்காரர் நீருக்காக ஒரே காலத்தில் நடச் சம்மதிக்கிறார். எரிமலைப் பாறைகளைத் தொட்டு வரும் அந்த நீரே மணிச்சத்தும் சாம்பல்சத்தும் கொண்டுவந்து வயலுக்கு ஊட்டுகிறது.

1970களில் பசுமைப் புரட்சியின் பெயரால் புதிய ரகங்களை இடைவெளியின்றிப் பயிரிடும்படி உழவர்கள் வற்புறுத்தப்பட்டார்கள். கோயில்களின் நாட்காட்டி வெறும் சடங்கு என்று ஒதுக்கப்பட்டது. சில ஆண்டுகளில் புகையானும் துங்ரோ என்ற நெற்பயிர் நோயும் பெரும் சேதம் விளைவித்தன. பூச்சிமருந்தைக் கூட்டியும் பயனில்லை. மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங், சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமர் இருவரும் இரண்டு ஆறுகளை நம்பியிருக்கும் 172 சுபாக்குகளைக் கணினி மாதிரியாக அமைத்துப் பார்த்தனர். ஒவ்வொரு குழுவும் தனித்தனியே நட்டால் பூச்சி மிகுகிறது. எல்லாக் குழுக்களும் ஒரே நாளில் நட்டால் நீர் பற்றாமல் போகிறது. இரண்டுக்கும் நடுவே விளைச்சல் உச்சமாக இருக்கும் அளவு, நீர்க்கோயில்கள் ஏற்கெனவே வகுத்திருந்த கூட்டமைப்பின் அளவோடு ஒட்டியே இருந்தது. இன்னும் வியப்பானது, ஒவ்வொரு குழுவும் தன்னைவிட நன்றாக விளைவித்த பக்கத்துக் குழுவைப் பின்பற்றும் என்ற ஒரே விதியை மாதிரிக்குக் கொடுத்தபோது, சில சுற்றுகளுக்குள் கோயில் வலையமைப்பை ஒத்த ஒழுங்கு தானாகவே உருவானது. மையத்திலிருந்து யாரும் கட்டளையிடாமல், அண்டை வயலைப் பார்த்துப் பார்த்துத் தலைமுறைகள் கண்டடைந்த அறிவு அது. 2012இல் சுபாக் நிலவெளி உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பட்டியலைவிட, அந்த நாட்காட்டிக்கு அரசு அலுவலர்களிடமிருந்து மரியாதை திரும்பக் கிடைத்ததையே நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

அளவை மீறாதிருக்கச் செய்யும் விதிகள் எல்லா இடங்களிலும் இவ்வளவு சிக்கலானவை அல்ல. சுவிட்சர்லாந்தின் டோர்பெல் என்ற மலைக்கிராமத்தில் 1517ஆம் ஆண்டு விதி ஒன்று, குளிர்காலத்தில் எத்தனை பசுக்களுக்குத் தன் சொந்தத் தீவனத்தால் உணவளிக்க முடியுமோ அத்தனை பசுக்களை மட்டுமே ஒருவர் கோடையில் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம் என்றது. தீவனம் விளைவிக்க நிலம் தேவை. நிலம் ஓரளவுக்குத்தான் உண்டு. எனவே மந்தையும் ஓரளவுக்கு மேல் பெருகாது. எத்தனை பசுக்கள் போகின்றன என்று எண்ணுவதும் எளிது, ஏமாற்றினால் பிடிபடுவதும் எளிது. பொதுச்சொத்தைப் பயன்படுத்துவோரே சேர்ந்து காக்க முடியும் என்று நிறுவியதற்காக 2009இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற எலினார் ஓஸ்ட்ரம், தம் ஆய்வில் எடுத்துக்காட்டிய கிராமங்களில் இதுவும் ஒன்று. இந்த விதி இயற்கையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது அண்டை வீட்டார் ஒருவரையொருவர் ஏமாற்றாதிருக்கப் போட்ட விதி. மலைப்புல் அதனால் பிழைத்தது.

இதுவரை சொன்னதை வைத்து, பழங்குடி மக்களும் பழைய உழவர்களும் எப்போதும் இயற்கையைக் காத்தார்கள் என்று முடிவுகட்டக் கூடாது. நியூசிலாந்தில் முதல் மனிதர்கள் குடியேறிய பின் சுமார் இரண்டு நூற்றாண்டுகளுக்குள் மோவா என்ற பறக்காத பெரும்பறவைகள் எல்லாம் வேட்டையாடி அழிக்கப்பட்டன. அக்குடியேறிகளின் வழிவந்த மாவோரி மக்களே பிற்காலத்தில் குறிப்பிட்ட பருவங்களில், குறிப்பிட்ட நீர்நிலைகளிலும் காடுகளிலும் எடுப்பதைத் தடைசெய்யும் ராஹுயி வழக்கத்தைக் கடைப்பிடித்தார்கள்; பண்பாட்டு நிலவெளியாக உலகில் முதன்முதலில், 1993இல், பதிவான டோங்காரிரோவும் அவர்களுடைய புனித மலைகளே. ஓரிடத்தில் நீண்டகாலம் தங்கி, தவறின் விலையைத் தானே கொடுக்க வேண்டிய நிலையில் உள்ள மக்களுக்குத்தான் அளவறியும் அறிவு படிகிறது. எடுப்பவர் ஒருவர், இழப்பவர் வேறொருவர் என்றாகும்போது அந்த அறிவு உருவாவதில்லை; உருவானதும் நிலைப்பதில்லை. அதேபோல, மனித உழைப்பின் தேவையே இல்லாத காடுகளும் சதுப்புகளும் கடற்பகுதிகளும் உண்டு. அங்கெல்லாம் மனிதர் ஒதுங்கியிருப்பதே சரி.

உழைப்பைப் பேசும்போது உழைப்பவரைப் பேசாமல் இருக்க முடியாது. பிலிப்பைன்ஸின் கார்டில்லேரா மலைகளில் இஃபுகாவோ மக்கள் அமைத்த படிவயல்கள் 1995இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. வயல்களுக்கு மேலே முயோங் எனப்படும் குடும்பக் காடுகள் இருக்கின்றன. அவை மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றாகக் கசியவிட, அந்த நீர் படிப்படியாக இறங்கி எல்லா வயலையும் நனைக்கிறது. காட்டின் சொந்தக்காரர் விறகும் மரமும் எடுத்துக்கொண்டு, களை நீக்கிப் புதிய கன்றுகளைப் பேணுகிறார். கல்லும் மண்ணும் கொண்டு கட்டிய வரப்புச் சுவர்களை ஆண்டுதோறும் செப்பனிட வேண்டும். ஓரிடத்தில் சுவர் சரிந்தால் கீழுள்ள வயல்களும் சேர்ந்து போகும். ஆனால் அந்த வயல்களின் விளைச்சல் ஒரு குடும்பத்தின் இன்றைய செலவுகளுக்குப் போதுவதில்லை. இளையோர் நகரங்களுக்குச் சென்றனர், வயல்கள் கைவிடப்பட்டன, 2001இல் அந்த இடம் ஆபத்திலுள்ள பாரம்பரியப் பட்டியலுக்குப் போய், சீரமைப்புப் பணிகளுக்குப் பின் 2012இல் மீண்டது. இளையோர் ஊரைவிட்டுப் போனதைக் குறைசொல்ல எவருக்கும் உரிமை இல்லை என்பது என் உறுதியான கருத்து. முதுகொடியும் வேலையையும் குறைந்த வருமானத்தையும் அவர்கள் தலையில் வைத்துவிட்டு, அழகையும் நீரையும் உயிர்வளத்தையும் மற்றவர்கள் இலவசமாக அனுபவிப்பது நியாயமாகாது.

இதற்கு வழி இருக்கிறது என்பதை ஜப்பானின் டொயோகா நகரம் காட்டியது. அங்கே நெல்வயல்களில் இரைதேடி வாழ்ந்த கீழைநாட்டு வெண்நாரை, பூச்சிமருந்தும் ஈரநிலங்களின் அழிவும் சேர்ந்து குறைந்துகொண்டே வந்து, 1971இல் நாட்டின் கடைசிக் காட்டுப் பறவையும் இறந்ததோடு அற்றுப்போனது. கூண்டில் வளர்த்த பறவைகளை 2005இல் வெளியே விட்டபோது, அவற்றுக்கு இரை வேண்டுமென்றால் வயல் மாற வேண்டும் என்பது தெரிந்திருந்தது. உழவர்கள் பூச்சிமருந்தைக் குறைத்தார்கள் அல்லது நிறுத்தினார்கள். அறுவடைக்குப் பிறகு குளிர்காலத்திலும் வயலில் நீர் நிறுத்தினார்கள். பயிர்க்காலத்தின் இடையில் நீரை வடிக்கும் வழக்கமான வேலையைத் தலைப்பிரட்டைகள் தவளையாகும் வரை தள்ளிவைத்தார்கள். அப்படி விளைந்த அரிசி நாரையின் பெயரால் கூடுதல் விலைக்கு விற்கப்படுகிறது. நாரைக்காக உழவர் ஏற்கும் கூடுதல் வேலைக்கு அரிசியை வாங்குபவர் கூலி கொடுக்கிறார். தலைப்பிரட்டையின் வளர்ச்சியை அளவாக வைத்து நீரை வடிக்கும் நாளை முடிவு செய்கிறார்கள் என்பதில், பழைய வழக்கம் ஒன்றைக் காப்பதற்கும் அப்பால், புதிய வழக்கம் ஒன்று நம் காலத்திலேயே பிறக்க முடியும் என்ற செய்தி இருக்கிறது.

கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு, மனிதரை விலக்குவது சரியா என்பதற்கு, ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவை விடையாகச் சொல்வேன். அந்த ஈரநிலமே மனிதர் உருவாக்கியது. அணை கட்டி நீரைத் திருப்பித் தேக்கியதால் தோன்றி, பல்லாயிரம் வலசைப் பறவைகள் கூடும் இடமாயிற்று. சுற்றுப்புற ஊர்களின் எருமைகள் அதில் இறங்கி மேய்ந்தன. தேசியப் பூங்காவான பின், 1982இல் மேய்ச்சல் தடைசெய்யப்பட்டது. எதிர்த்துத் திரண்ட மக்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்து சிலர் உயிரிழந்தார்கள். எருமைகள் வெளியேறிய பிறகு பாஸ்பலம் என்ற நீர்ப்புல் கட்டுக்கடங்காமல் வளர்ந்து திறந்த நீர்ப்பரப்பை அடைத்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் அங்கே ஆண்டுக்கணக்கில் நடத்திய ஆய்வு, மேய்ச்சலே அந்தப் புல்லை அடக்கி வைத்திருந்தது என்றும், அது நின்றதால் பறவைகளின் வாழிடம் சுருங்கியது என்றும் கண்டது. பிற்பாடு, வெளியேற்றப்பட்ட அதே ஊர்களின் மக்கள் புல் அறுக்கவும், பூங்காவை ஆக்கிரமித்த சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்து விறகாக்கிக்கொள்ளவும் அனுமதிக்கப்பட்டார்கள்.

தடை போடும் முன் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் கடினமானவை அல்ல. இந்த மக்கள் இங்கே ஆண்டு முழுவதும் என்ன செய்கிறார்கள்? அந்த வேலை நின்றால் எந்தச் செடி வளரும், எந்த நீர் அடைபடும், எந்த உயிருக்கு இரை போகும்? அவர்களுடைய எண்ணிக்கையும் மந்தையும் பெருகினால் எந்த விதி கட்டுப்படுத்துகிறது, அந்த விதியை நடைமுறைப்படுத்த அவர்களுக்கு உரிமை இருக்கிறதா? வேலைக்கு ஏற்ற வருமானம் அவர்களுக்குக் கிடைக்கிறதா? இவற்றுக்கு விடை தேட ஒரு சூழலியலாளர் சில பருவங்கள் அங்கே தங்க வேண்டும். அதற்கும் முன்னால், எருமை மேய்த்தவரையும் மடை திறந்தவரையும் அழைத்து உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.